நாற்பத்தெட்டுப் பக்கம்

...நாற்பத்தெட்டே பக்கம், அதிலும் முன்னே ஒரு வெள்ளைத்தாள், பின்னே ஒரு வெள்ளைத்தாள், இதையா புத்தகம் என்பது, இதற்குப் போய்ப் பங்குச்சாமியார் முதல் உபதேசியார் வரை காலைப் பூசை முடிந்ததும் அதை எழுதிய டொமினிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்களே... ஆம்ப்ரோஸ் கோட்டைக் கழற்றாமல் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தபடி மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேத்தரின் சன்னலோரம் அந்தப் புத்தகத்தோடு உட்கார்ந்து அரைமணி ஆகிறது. அவருடைய நாவல் அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம், பதினோரு வருட உழைப்பு, பிளாக்பள்ளி அச்சுக்கூடத்திலிருந்து அச்சாகி வந்த அன்று அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவள் இவள்தான், ஆனால் முப்பத்தேழாம் பக்கத்தில் வைத்த அடையாளச் சீட்டு இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது. வேலை என்பாள், கண் வலி என்பாள்... இப்போது மட்டும் கண் வலிக்கவில்லையா? இந்த டொமினிக், ஒரே பள்ளியில் இருபது வருடம் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்துகிறவன், அவரைவிட எட்டு வயது இளையவன், நாவலின் கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு என்ன சொன்னான், "பாதிய எடுத்துட்டா மீதி பேசும்ணே" என்றான், எவ்வளவு திமிர், எழுதத் தெரியாதவனுக்குத்தானே சுருக்கம், மூச்சில்லாதவன் நாலு எட்டு நடந்துவிட்டு அதையே அழகு என்பான்...

அவள் சிரித்தாள். சத்தமில்லாமல், உதட்டோரத்தில். எந்த இடம், எதற்குச் சிரிக்கிறாள், கேட்கலாமா, கேட்டால் பொறாமை என்று நினைப்பாளோ, பொறாமைதானே... "சோறு ஆச்சா?" என்றார். "ரெண்டே பக்கம்ங்க, முடிஞ்சிரும்." முடிஞ்சிரும். அவர் புத்தகத்தைப் பற்றி யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. பக்கத்தைத் திருப்பினாள், அப்புறம் திருப்பவில்லை. வெகுநேரம் அதே பக்கம். பிறகு புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவரைப் பார்க்காமல் சமையலறைக்குப் போனாள்.

எடுத்துப் பார்த்தார். குற்றம் கண்டுபிடிக்கத்தான் எடுத்தார், ஒரு சந்திப்பிழை கிடைத்தாலும் போதும். நாற்பத்தைந்தாம் பக்கம். "குழந்தையைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போனார்கள். தாய் அடுப்பிலிருந்த கஞ்சியை இறக்கி, ஆற வைத்தாள்." அவ்வளவுதான், கீழே வெற்றிடம். டோரீன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் வருடத்து விஷக்காய்ச்சலில் ஆறு வயதில் போன அவர்கள் மகள் டோரீன். இவன் எப்படி எழுதலாம், அது என்னுடையது, அந்தச் சாவுக்கு நான் தொண்ணூறு பக்கம் எழுதியிருக்கிறேன், கோயில் மணி, மழை, டாக்டரின் குதிரைவண்டி, ஆத்துமத்தின் நிலை, எல்லாம் எழுதினேன்... கஞ்சி? கஞ்சி இல்லை. மனதுக்குள் புரட்டிப் பார்த்தார், அந்தத் தொண்ணூறு பக்கத்தில் கேத்தரின் ஒரே இடத்தில் வருகிறாள், "அவள் கதறினாள்" என்று. கதறினாளா?

சமையலறை வாசலில் போய் நின்றார். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்குக் கஞ்சி வெச்சியா?"

"வெச்சேன். எந்திரிச்சா குடிப்பாளேன்னு விடியக்காலமே வெச்சது."

"எங்கிட்ட சொன்னதே இல்லியே."

"நீங்க கேட்டதில்லியே."

"அவன்கிட்ட சொன்னியா?"

"எதுக்குச் சொல்லணும்? அன்னிக்கு இங்கதான நின்னுகிட்டிருந்தாரு. ஆறிப்போன கஞ்சியக் கொட்டி, பாத்திரத்தக் கழுவிக் கவுத்ததே அவருதான்."

கோபம் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை... இவள் இங்கே, அவன் இங்கே, அப்படியானால் அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன்? கல்லறைத் தோட்டத்துக்கு வண்டியோடு போனவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார், ஞானசேகரன், ரெமிஜியஸ், உபதேசியார்... தன் முகம் அந்த வரிசையிலும் தட்டுப்படவில்லை. இவளுக்குத் தெரியும். கேட்டால் சொல்லிவிடுவாள், ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவாள். "இலை போடட்டுமா?" என்று கேட்டாள். அவர் அதைக் கேட்காமலே, போடு என்று தலையை அசைத்தார்.