கேட்ட கேள்விக்கு மட்டும்

அரசு வக்கீல் நிரஞ்சன் வீட்டில் அந்த வருஷம் கொரியா சீரியல் ஜுரம். மண்டைவெளி வீட்டுக் கூடத்தில் மனைவி விஜயலக்ஷ்மியும் மகள் ஸஹானாவும் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டால், குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று கேட்க நாதி இருக்காது. எல்லாம் கோர்ட் கதை. பெரிய கம்பெனி முதலாளி ஒருத்தன் பழப்பெட்டிக்குள் பணத்தை அடுக்கி அனுப்புவான். அரசு வக்கீல் அதை வாங்கிக்கொண்டு, பிறகு கண்ணாடி முன்னால் நின்று அழுவான்.

"பெட்டியில வெச்சுக் குடுத்தா, வாங்கறவனுக்கு அறிவு வேண்டாமோ?" என்று நிரஞ்சன் சிரிப்பார்.

"நீங்களா இருந்தா என்னப்பா பண்ணுவேள்?" என்பாள் ஸஹானா.

"பெட்டியை வாசல்லயே நிறுத்திட்டுப் போலீஸைக் கூப்பிடுவேன்."

வீம்புக்குச் சொன்னதில்லை, கூப்பிட்டிருப்பார். கை அப்படிச் சுத்தம். கோர்ட்டில் நின்று இதுவரை ஒரு பொய் சொன்னதில்லை என்று அவரே நாலு பேரிடம் சொல்லிக்கொள்வார். மயிலாப்பூரில் தெரிந்தவர்கள் எல்லாரும் அதை நம்பினார்கள். அவரும் நம்பியதுதான் வம்பாகப் போயிற்று. பெட்டி வந்தால் என்ன செய்வது என்று மட்டும் தெரிந்துவைத்திருந்தார். பெட்டி இல்லாமல் வந்தால் என்ன செய்வது என்று யோசித்து வைக்கவில்லை.

அப்போது அவர் கையில் இருந்தது தி.நகர் தீ விபத்து வழக்கு. பொன்ராஜ் என்பவர் அங்கே பெரிய ஜவுளிக்கடை வைத்திருந்தார். தென்காசிப் பக்கத்திலிருந்து பெண்களைக் கூட்டிவந்து விற்பனைக்கு நிறுத்துவார். நிறுத்துவார் என்றால் உண்மையாகவே நிறுத்துவார். காலையில் கடை திறந்ததிலிருந்து சாத்துகிறவரை அந்தப் பெண்கள் உட்காரக் கூடாது. கடைக்குப் பின்னால், துணி கிடங்கின் மூன்றாவது மாடியில் அவர்களுக்குத் தங்க இடம். ஒருநாள் விடியற்காலையில் கிடங்கு பற்றிக்கொண்டது. மாடியில் மூன்று பெண்கள் செத்துப்போனார்கள். வழக்கு பொன்ராஜ் மேல்.

மாடிக் கதவு திறந்துதான் இருந்தது, பிள்ளைகள் பயத்தில் தடுமாறிவிட்டார்கள் என்றது பொன்ராஜ் தரப்பு. மறுநாளே ரிப்பேர் என்று சொல்லி அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போலீஸ் எழுதிய வாக்குமூலங்களில் கதவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எப்படி மறந்தார்களோ, அந்தக் கடவுளுக்கே வெளிச்சம். தப்பிப் பிழைத்த மற்றவர்கள் ஊருக்குப் போனவர்கள்தான், அப்புறம் வாயே திறக்கவில்லை. மிஞ்சியது ஜெயபாரதி மட்டும்.

செத்துப்போன மூவரில் ஒருத்தி, தீபிகா, அவளுடைய தங்கை. ஜெயபாரதி இன்னும் அதே கடையில்தான் வேலை பார்த்தாள். அவள் அனுப்பும் சம்பளத்தில்தான் ஊரில் அடுப்பு எரிகிறது, வேறு எங்கே போவாள்? விசாரணைக்கு முன்னால் ஒருநாள் அவளை நிரஞ்சன் வீட்டு ஆபீஸ் அறைக்கு வரவழைத்தார். நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"கதவு வெளிய பூட்டிக் கெடந்துச்சு சார்," என்றாள். "தெனமும் பூட்டுவாவ. மொதலாளி சொல்லித்தான் பூட்டுதேன்னு மேனேஜரே சொல்லிருக்காரு. நானும் தீபிகாவும் சேந்துதான் தட்டுனோம். அப்புறம் பாத்ரூம் சன்னலு வழியா எறங்கிட்டு அவளுக்குக் கைய நீட்டுனேன். வெரலு வரைக்கும் புடிச்சுட்டேன் சார்."

நிரஞ்சன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அன்றைக்கு அவருக்கு நிஜமாகவே கோபம். இந்தப் பொன்ராஜை உள்ளே தள்ளாமல் விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டார். பிறகு, எல்லா சாட்சிக்கும் சொல்லிக்கொடுக்கிற பாடத்தை அவளுக்கும் சொல்லிக்கொடுத்தார்.

"இங்க பாரும்மா. கூண்டுல ஏறினா கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில். கூட ஒரு வார்த்தை வரக் கூடாது. நீயா எதையாவது சொன்னா, சொல்லிக்கொடுத்து வந்தவன்னு சொல்லி எதிர்த்தரப்புல உன்னை உரிச்சு எடுத்துடுவாங்க. கதவு எப்படி இருந்ததுன்னு நான் கேட்பேன். அப்ப மட்டும் சொன்னாப் போதும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார். நீங்க கேட்டாத்தான் சொல்லுவேன்."

ஒத்திகைக்காகக் கேட்டும் பார்த்தார். பதில் ஆணி அடித்த மாதிரி வந்தது. இவளை யாராலும் அசைக்க முடியாது என்று அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இனி ஸ்ரீரங்கனுக்கு வருவோம். ஸ்ரீரங்கன் ஒரு சபாவின் காரியதரிசி, நிரஞ்சனுக்குப் பள்ளிக்கூடத்து சிநேகிதர். தினமும் காலையில் இரண்டு பேரும் பூங்காவில் சேர்ந்து நடப்பார்கள். ஸஹானா ஆறு வருஷமாக அந்தச் சபாவில் பாடுகிறாள். எல்லாம் மத்தியான வேளைக் கச்சேரி. கேட்க வருகிறவர்களில் பாதி கேண்டீனுக்காக வந்தவர்கள், மீதி ஏ.சி.க்காக வந்தவர்கள். போன வருஷம் ஒரு பெரியவர் முதல் வரிசையிலேயே குறட்டை விட்டார். அந்தக் குழந்தை வீட்டுக்கு வந்து தம்புராவை மூலையில் சாத்திவிட்டு, "போதும்ப்பா, நான் வேலைக்குப் போறேன்" என்று அழுதது நிரஞ்சன் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

"நிரஞ்சா, இந்த டிசம்பர்ல ஸஹானாவுக்கு சாயங்காலம் ஆறரை மணி ஸ்லாட்," என்றார் ஸ்ரீரங்கன், நடந்துகொண்டே.

நிரஞ்சன் நின்றுவிட்டார்.

"நிக்காதே, நட. இந்த வருஷம் நமக்கு ஸ்பான்ஸர் பொன்ராஜ். அவருக்கு சங்கீதம்னா வீசை என்ன விலை. ஆனா ஸஹானா பேரை அவராச் சொன்னார்னா பார்த்துக்கோயேன்."

"ரங்கா, அவர் கேஸ் எங்கிட்ட இருக்கு."

"தெரியும். யாரு உன்னைப் பொய் சொல்லச் சொல்றா? கதவு திறந்திருந்தது, மூடியிருந்ததுன்னு எல்லாம் நீ பேசவே வேண்டாம். அதைப் பத்தி ஒரு கேள்வி கேக்காம இருந்தா போறும். கேக்காம இருக்கறது தப்புன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

பழப்பெட்டி எங்கேயும் காணோம். செருப்புக் காலோடு நடந்துகொண்டிருந்த இரண்டு பேர், வழியில் கொட்டிக் கிடந்த மரமல்லிப் பூ, அவ்வளவுதான். யாரைப் பிடித்துப் போலீஸில் கொடுப்பது?

"பார்க்கலாம்," என்றார் நிரஞ்சன். 'மாட்டேன்' என்பதும் அதே அளவு வார்த்தைதான். ஆனால் அது அவர் வாயில் வரவில்லை.

அடுத்த வாரம் சபாவின் நிகழ்ச்சி நிரல் அச்சாகி வந்துவிட்டது. ஸஹானா அதைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க ஓடினாள். "அப்பா, ஆறரை மணிப்பா!" என்று இருபத்தாறு வயதுப் பெண் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கியது. விஜயலக்ஷ்மி பாயசம் வைத்தாள். அவர் இரண்டு கரண்டி வாங்கிச் சாப்பிட்டார். கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம், அந்த நேரத்தில் என்ன தோன்றுகிறதோ அதைச் செய்யலாம் என்று தன்னையே ஏய்த்துக்கொண்டார். மனுஷனுக்குத் தன்னை ஏய்ப்பதுபோல் சுலபமான காரியம் எது இருக்கிறது?

ஜெயபாரதி கூண்டில் ஏறிய அன்று இஸ்திரி போட்ட பச்சைப் புடவை கட்டியிருந்தாள். கடைச் சீருடைதான். அவளிடம் நல்ல புடவை என்று அது ஒன்றுதான் இருந்திருக்க வேண்டும். பொன்ராஜ் பின்வரிசையில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

நிரஞ்சன் பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார். கடையில் என்ன வேலை, எங்கே தங்கியிருந்தாய் என்று கேட்டார். புகையை எப்போது பார்த்தாய் என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அளந்து பதில் சொன்னாள், ஒரு வார்த்தை கூடவில்லை. எப்படி வெளியே வந்தாய் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. ஜன்னலைக் கேட்டால் கதவும் கூடவே வந்துவிடும்.

"உன் தங்கை?"

"வரல சார்."

சொல்லிவிட்டு, கூண்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்து நிறுத்தினாள். அடுத்த கேள்வி எது என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கேள்விக்காகத்தான் அவள் வேலையையே பணயம் வைத்து அங்கே ஏறி நின்றாள். அவள் மார்பு ஏறி நின்றதை நிரஞ்சன் நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டுக் காகிதத்தைப் புரட்டினார்.

"வேற கேள்வி இல்லை."

எதிர்த்தரப்பு சீனியர் எழுந்து, "எங்களுக்கும் குறுக்கு விசாரணை இல்லை" என்று சொல்லிவிட்டு வாய் மூடுவதற்குள் உட்கார்ந்துவிட்டார். ஜெயபாரதி வாயைத் திறந்தாள். நிரஞ்சனைப் பார்த்தாள். சொல்லிக்கொடுத்த பாடம் ஞாபகம் வந்தது போலிருக்கிறது, மூடிக்கொண்டாள். இறங்கு என்று கையைக் காட்டினார்கள். இறங்கிப் போய்விட்டாள்.

வெளியே வராந்தாவில், குமாஸ்தா டில்லிபாபு கேஸ் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"இன்னா சார், அந்தக் கதவு மேட்டரு உட்டுப்போச்சே?"

"தெரியும்," என்றார் நிரஞ்சன்.

டில்லிபாபு ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தார். கோர்ட்டிலேயே தலை நரைத்த ஆள். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஸஹானாவின் கச்சேரி அன்று சபாவில் நாற்காலி காலியில்லை. நிரஞ்சனுக்கு முதலில் சந்தோஷம்தான். திரும்பிப் பார்த்தபோதுதான், பின்னால் வரிசை வரிசையாகப் பச்சைப் புடவைகள் தெரிந்தன. ஹால் நிறைய வேண்டும் என்று பொன்ராஜ் கடைப் பெண்களை வேனில் ஏற்றி அனுப்பியிருந்தார். உட்கார்ந்துகொண்டே சம்பளம் கிடைக்கும் நாள் என்பதால் அந்தப் பிள்ளைகள் குஷியாகத்தான் இருந்தார்கள்.

ஸஹானாவுக்கு அது எதுவும் தெரியாது. நிறைந்த ஹாலைக் கண்ட சந்தோஷத்தில் வாழ்க்கையில் பாடாத பாட்டைப் பாடினாள். கல்யாணி ராகத்தில் அவள் மேலே போய் நின்ற இடத்தில் சபாவே மூச்சு விடவில்லை. இந்த இடம் அவளுக்கு என்றைக்கோ கிடைத்திருக்க வேண்டியதுதான். அதை நினைக்கத்தான் நிரஞ்சனுக்குக் கசந்தது. தகுதி இருந்த பிள்ளைக்கும் சேர்த்து அல்லவா கறை பூசிவிட்டார்.

மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும், வழக்கம்போல் பாதிச் சபை கேண்டீனுக்குக் கிளம்பியது. நிரஞ்சனும் எழுந்து வெளியே வந்தார். கூட்டம் கலைந்ததும் பார்த்தால், ஹால் வராந்தாச் சுவரோரமாக ஜெயபாரதி நின்றுகொண்டிருந்தாள்.

"சார்," என்று ஓடி வந்தாள். "அக்கா நல்லாப் பாடுதாவ."

"நீ உள்ள உட்காரலையா?"

"ரொம்ப நேரம் உக்காந்தா காலு மரத்துப் போவுது சார். பழக்கமில்ல." கொஞ்சம் தயங்கினாள். "சார், கோவிச்சுக்காதீங்க. அன்னிக்கு அந்தக் கதவுக் கேள்விய மறந்துட்டியளா?"

நிரஞ்சன் ஹால் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"கேப்பிய, கேப்பியன்னு மூச்சப் புடிச்சுட்டு நின்னேன். நானா சொல்லிருக்கணும் சார். கேட்ட கேள்விக்கு மட்டும்னு சொன்னியளா, கேஸு கெட்டுப் போயிருமோன்னு பயந்துட்டேன். தப்பு எம்மேலதான். அத்தன வேலையில உங்களுக்கு ஒண்ணு மறக்கத்தான் செய்யும்." அவள் கண் நிறைந்துவிட்டது. "இன்னொரு தடவ கூப்புட்டுக் கேக்க முடியுமா சார்? வேல போனாலும் போவட்டும். ஒரு நிமிசம் போதும், சொல்லிருவேன்."

முடியும். தீர்ப்பு வருவதற்குள் எந்த சாட்சியையும் திரும்பக் கூப்பிடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒரு பக்க மனு போதும். மற்ற வழக்குகளில் அவரே எத்தனையோ தடவை போட்டிருக்கிறார். திங்கட்கிழமை போட்டால் அந்த வாரத்திலேயே இவள் கூண்டில் நிற்கலாம். அன்று கேட்காமல் விட்டதைக்கூடத் தீர்த்துவிடலாம். இப்படி ஒரு வாசல் தனக்கு இன்னும் திறந்திருக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. 

உள்ளே மிருதங்கம் கடைசித் தீர்மானத்தை வாசித்து முடிக்க, கைதட்டல் எழுந்தது. ஸ்ரீரங்கன் ஹால் கதவுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"நிரஞ்சா, இங்க என்ன பண்றே? பொன்ராஜ் ஸஹானாவுக்குப் பொன்னாடை போத்தப் போறார். சீக்கிரம் வா, போட்டோ எடுக்கணும்." தலை உள்ளே போயிற்று, கதவு சாத்திக்கொண்டது.

நிரஞ்சன் ஜெயபாரதியைப் பார்த்தார்.

"சட்டத்துல அதுக்கு இடமில்லம்மா," என்றார். நாக்கு குழறவில்லை. "சாட்சி ஒரு தடவை இறங்கிட்டா அவ்வளவுதான்."

"சரி சார்," என்று புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்குத் தெரியாததா."

பிறகு, கடைக்கு வருகிறவர்களுக்குச் செய்து பழகிய கையோடு, ஹாலின் அந்தக் கனமான கதவைத் தள்ளித் திறந்து அவருக்காகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போங்க சார், அக்கா தேடுவாவ."

நிரஞ்சன் குனிந்த தலையோடு உள்ளே போனார்.