காசில்லாத நிதி

கோதன்பர்க்கில் இல்வாவும் தோர்கெலும் கூட்டாக மொழிபெயர்ப்பு அலுவலகம் நடத்திவந்தார்கள். சுவீடன் கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளை ஆங்கிலத்தில் தருவது அவர்கள் தொழில். தோர்கெல் மளமளவென்று பக்கங்களைத் தள்ளுவான். இல்வா ஒரு சொல்லில் நின்றுவிட்டால் அசைக்க முடியாது.

அந்த மார்ச்சில் ஒரு பம்பு கம்பெனியின் அறிக்கை வந்தது. லண்டன்காரர் ஒருவர் அந்தக் கம்பெனியை விலை பேசிக்கொண்டிருந்தார். அறிக்கையில் 'பீரியோடிசேரிங்ஸ்ஃபோன்ட்' என்று பெருந்தொகை ஒன்று இருந்தது. இல்வா அதை 'ரிசர்வ்' என்று எழுதி, 'வரியைத் தள்ளிப்போட்ட லாபம் இது. தனியாகப் பணம் கிடையாது' என்று குறிப்பும் சேர்த்துக் கம்பெனிக்கு அனுப்பினாள்.

கம்பெனியின் நிதி மேலாளர் ஸ்டஃபான் போன் செய்தார்.

"நம்ம மொழியில ஃபோன்ட்னுதானே இருக்கு? ஃபண்ட்னே போடுங்க. குறிப்பை எடுத்துடுங்க."

"நமக்கு அது வெறும் கணக்குன்னு தெரியும். வாங்கப்போற லண்டன்காரரு எங்கயோ பணம் இருக்குன்னு நினைச்சுப்பாரே."

"நினைச்சா நினைக்கட்டும்!"

"அதுக்குத்தான் மாத்தச் சொல்றீங்களா?"

"வேற ஆளைப் பார்த்துக்கறேன்." போன் வைக்கப்பட்டது.

தோர்கெல் தலையில் கைவைத்துக்கொண்டான். "வருஷா வருஷம் வர்ற வேலை, இல்வா! அகராதியில அப்படித்தான் இருக்குன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே."

"அதான் பயம். பொய்னு யாருமே சொல்ல மாட்டாங்க."

அவனுக்குக் கோபம்தான். ஆனாலும், தன்னால் அப்படி 'மாட்டேன்' என்று சொல்லியிருக்க முடியாது என்பதும் உறைத்தது.

அடுத்த வாரம் கம்பெனியின் முதலாளி குட்ரூன் பிராண்டேலியஸ் நேரிலேயே வந்துவிட்டார். வேறொருவர் செய்த மொழிபெயர்ப்பை ஸ்டஃபான் அவர் மேசையில் வைத்திருந்தார். இல்வாவின் பிரதியும் பழைய மின்னஞ்சலில் கிடந்திருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தாராம்.

"இந்தக் குறிப்பை எழுதினது யாரும்மா?"

"நான்தான்."

"இதையே அனுப்பிட்டேன். விலை கொஞ்சம் இறங்கும், இறங்கட்டும். நாளைக்கு அந்த மனுஷனோட ஒரே மேசையில உக்காந்து சாப்பிடணுமே நான். இனிமே எங்க அறிக்கை எல்லாம் உங்க கையிலதான்."

அவர் போனதும் தோர்கெல் எழுந்தான். "வா, இன்னைக்கு மீன் சாப்பாடு என் செலவு."

"இந்த வாக்கியத்தை முடிச்சிடறேன்."

கடையில் மீன் தீர்ந்துவிடும் என்று தெரிந்தும், கோட்டைப் போட்டுக்கொண்டு அவன் சந்தோஷமாகவே காத்திருந்தான்.