இரமின் இதயம் தட்டியது

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் மடிப்பு மேசையில் வேலை பார்த்த இரம் என்ற பெண்ணின் இதயம், 2023 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு மோர்ஸ் தந்திக் குறியில் துடிக்கத் தொடங்கியது. அன்று தக்காளி கிலோ நூற்றிருபது ரூபாய் விற்றதால், ஊரில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. மடிப்பு மேசையில் பேச்சுக்குத் தடை. ஃபோனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எட்டு மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க யாரால் முடியும்? பக்கத்தில் உட்காரும் பூர்ணிமா தன் ஃபோன் கீபோர்டில் மோர்ஸ் இருப்பதைக் கண்டுபிடித்தாள். இருவரும் பத்தொன்பது நாளில் கற்றுத் தேறினார்கள். தோலின் ஓரத்தை மடித்துச் சுத்தியலால் தட்டுவதுதான் வேலை. மெல்லத் தட்டினால் புள்ளி, ஓங்கித் தட்டினால் கோடு. வாட்ஸப்பில் போலத் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினார்கள். விரைவில் மேசையிலிருந்த நாற்பது பெண்களுக்கும் அது பழகிவிட்டது. சூப்பர்வைசர் புகழேந்தி, தன்னைத்தான் கிண்டல் செய்கிறார்கள் என்று அறியாமல், அவர்களுடைய சுறுசுறுப்பை மெச்சி மேலிடத்துக்கு எழுதினார்.

கையின் பழக்கம் நெஞ்சுக்குப் போனது அப்போதுதான். மூன்று வீடு தள்ளியும் சத்தம் கேட்டது. வேலூரில் எடுத்த ஈசிஜி தாளில் ‘டிபன் இன்னா’ என்று புள்ளியும் கோடுமாக வந்தது. டாக்டர் இதயம் திடமாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த வருஷம் பேரணாம்பட்டு வக்கார் அகமதுவை அவளுக்கு நிச்சயம் செய்தார்கள். மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகக்கூடாது என்று அவர் தாயார் ஜஹீருன்னிசா சொல்ல, இரமின் அப்பா முனீர் அகமது இவளைக் கேட்காமலேயே தலையாட்டிவிட்டார். அப்பாவிடம் எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. அன்றிலிருந்து ஐந்து மாதம் அவள் இதயம் ‘வேலைக்குப் போவேன்’ என்று இடித்தது. மோர்ஸ் தெரியாத அப்பா, மகளுக்குக் கல்யாணக் குஷி என்று பூரித்தார். பாவம்.

நிக்காஹ் அன்று பெண்ணின் சம்மதம் கேட்க மாமன் இரண்டு சாட்சிகளோடு பெண்கள் பக்கம் வந்தார். வெட்கத்தில் பெண் பேசாவிட்டால் அதையே சம்மதமாக எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். இரம் பேசவில்லை. மாமன் திரும்பினார். மடிப்பு மேசைப் பெண்களோடு கல்யாணத்துக்கு வந்திருந்த பூர்ணிமா எழுந்துவிட்டாள்.

“பாய், நில்லுங்க. அவ எங்க சும்மா இருக்கா? பேசிக்கினே இருக்கா.”

“இன்னா பேசறா?”

“‘மாப்பிள்ளைக்குச் சம்மதம். வேலைய உட மாட்டேன்’கறா.”

மடிப்பு மேசை மொத்தமும் ஆமாம் என்றது. மாமன் வேர்த்து விறுவிறுத்து ஆண்கள் பக்கம் போய்ச் சொன்னார். ஜஹீருன்னிசா, “இது இன்னா பேஜார்!” என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். வக்கார் எழுந்து நின்றார்.

“அவங்க பேசறது எனக்கே புரியணும். அந்தப் பொண்ணு எனக்குக் கத்துத் தரட்டும். அதுவரைக்கும் சாப்பாடு வேணாம்.”

பூர்ணிமா திரைக்குப் பெண்கள் பக்கம் நின்றே கற்றுக்கொடுத்தாள். இரண்டரை மணி நேரம் அறுநூறு பேர் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு வக்கார் கண்ணை மூடி அந்த இதயத்தை முழுவதும் கேட்டார். நேரே போய்க் கரண்டியை எடுத்து, பிரியாணி தேக்சா மூடியில் மெல்லவும் ஓங்கியும் ஏழு தட்டுத் தட்டினார். ‘போ’ என்று அர்த்தம். அதைக் கேட்ட இரம், மாமன் மறுபடி கேட்பதற்குள் வாயைத் திறந்து, “சம்மதம்” என்று மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னாள். முனீர் அகமது அழுதுவிட்டார்.

இப்போது அவள் தினமும் காலை ஆறரைக்குப் பேரணாம்பட்டில் கம்பெனி பஸ் ஏறுகிறாள். அந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் அவள் இதயம் மாமியாரின் குழம்பைப் பற்றித் தெருவுக்கே கேட்கும்படி ஏதோ சொன்னது. ஜஹீருன்னிசாவும் மோர்ஸ் கற்றுக்கொண்டுவிட்டார். பஸ் கிளம்பினால் தெரு அமைதியாகிவிடுகிறது. சாயங்காலம் தெருத் திருப்பத்தில் அந்தத் துடிப்பு கேட்டதும், மாமியார் டீக்குப் பால் வைக்கிறார்.