வாசப்படிக்கு வந்த கறி

முந்திரிக்காட்டுக்குள் இருக்கும் முனியய்யாவுக்குப் பெண் வாடை ஆகாது. ஆண்கள் மட்டும் போய்க் கிடா வெட்டி, கறியில் மசாலா தடவி, கம்பியில் குத்தித் தணலில் சுட்டுப் படைப்பார்கள். படைக்கும்வரை யாரும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. படைத்த பிறகு அங்கேயே தின்று தீர்க்க வேண்டும். ஒரு எலும்புகூட எல்லை தாண்டி வீட்டுக்கு வரக் கூடாது. மசாலாவை இடிப்பதும் ஆணாகத்தான் இருக்க வேண்டும்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மறுவருடம் வாக்கப்பட்டு வந்ததிலிருந்து, ஒன்பது வருடமாக அதை இடித்தவள் செவந்தி. அவள் புருஷன் உடையப்பன் பையில் கட்டிக்கொண்டு போய், "நான் இடிச்சது" என்பான். ஊருக்கே உண்மை தெரியும். முனியய்யாவுக்கும் தெரிந்திருக்கும், ருசிக்காக அவரும் வாயைத் திறக்கவில்லை.

மிளகாய் வத்தலைக் கருகாமல் வறுத்து, மிளகு, மல்லி, சீரகத்தை வாசனை ஏறியதும் இறக்கி, ஒன்றிரண்டாக இடித்துக் கடைசியில் பூண்டை நசுக்கிப் போடுவாள். எல்லாம் மூக்கு சொல்லும் பக்குவம்தான். சாப்பிட்டுவிட்டு வரும் ஆண்கள் அந்தக் கறியைப் பற்றி ஒரு மாதம் பேசுவார்கள். கேட்கக் கேட்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். தன் மசாலா தடவிய கறியில் ஒரு துண்டு தின்ன வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

அந்த வருடம் உலக்கையைச் சாத்தி வைத்துவிட்டாள்.

"எனக்கு ஒரு துண்டு கொண்டாருவீங்களா, மாட்டீங்களா?"

"முனி அடிச்சுப்புடும் புள்ள."

"அப்ப நீங்களே இடிச்சுக்கங்க."

உடையப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. வத்தலைக் கணக்கில்லாமல் அள்ளிப் போட்டு இடித்தான். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்ற பழமொழி வேறு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்து தொலைத்தது. இரண்டு கை உப்பையும் சேர்த்தான். கறி வெட்டும் மலையாண்டி, கழுவும்போதே உப்பும் மஞ்சளும் போட்டுப் பிசறிவிடுவான் என்பது இவனுக்குத் தெரியாது. ருசி பார்க்கவும் வழியில்லை.

படையல் முடிந்தது. முதல் துண்டிலேயே நாற்பது பேருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. துப்பினால் தெய்வக் குற்றம். வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது. கண்ணீரும் மூக்குச்சளியுமாக ஒரு முழுக் கிடாயைத் தின்று முடித்துவிட்டு, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மாடுகளை விலக்கிவிட்டு, தாங்களும் குடிக்க ஊருணியில் இறங்கினார்கள்.

மறுநாள் காலையில் உதடு வீங்கிய அழகுமலைப் பூசாரி வந்து நின்றார்.

"முனி கனவுல வந்தாருத்தா. எட்டாம் நாள் இன்னொரு கிடா வெட்டணுமாம். எல்லையையும் ஒங்க வீட்டு வாசப்படி வரைக்கும் நீட்டிக்கிட்டாராம். கறி அதுவரைக்கும் வரலாம்."

"எல்லைக்குள்ள பொம்பள வரக் கூடாதே?"

"நீ படிக்கு உள்ளயே நில்லு. தலைய மட்டும் வெளியில நீட்டு."

"தலை பொம்பள இல்லையா?"

"அதப்பத்தி முனி ஒண்ணும் சொல்லல."

செவந்தி உலக்கையை எடுத்தாள்.

எட்டாம் நாள் நாற்பது பேரும் கறியோடு ஊர்வலமாக வந்தார்கள். செவந்தி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு தலையை நீட்டினாள். உடையப்பன் ஒரு துண்டை அவள் வாயில் வைத்தான். மென்றாள். சந்தோஷம் வரும் என்றுதான் ஒன்பது வருடமாக நினைத்திருந்தாள். வந்ததோ அடிவயிற்றிலிருந்து ஆத்திரம்.

"ஒம்போது வருசமா, எனக்கு இல்லாம, இதையாடா தின்னீங்க?"

புருஷன், பூசாரி, ஊர்ப் பெரியவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் அந்த 'டா'. உடையப்பன் அடுத்த துண்டை நீட்டினான்.