சடகோபனின் இரண்டு திதிகள்

1

இந்தக் கதை என்னிடம் தானாக வந்தது. அதனாலேயே இதன் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு.

1994 தொடக்கத்தில், என் சொந்த வழக்கு ஒன்றுக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்துக்கு மாதம் ஒரு முறை போய்க்கொண்டிருந்தேன். (என்ன வழக்கு என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. தேவைப்பட்டாலும் சொல்லமாட்டேன்.) அங்கே சுருக்கெழுத்தாளராக இருந்தவர் வஞ்சுளவல்லி. ஐம்பது வயது. நான் கதை எழுதுகிறவள் என்று யாரோ சொல்லக் கேட்டு, ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தனியே கூப்பிட்டு இதைச் சொன்னார். ஒருவர் வலிய வந்து தன் கதையைச் சொன்னால், அவருக்கு என்னிடம் வேறு ஏதோ வேண்டியிருக்கிறது என்றுதான் நினைப்பேன். அவருக்கும் வேண்டியிருந்தது.

2

முதல் தொடக்கம்:

குன்றைச் சுற்றி ஜப்பானியர்கள். குன்றின் மேல் தாகம். பதுங்குகுழிக்குள் ஆறு பேர், அவர்களில் ஒருவன் மெல்லத் தலையைத் தூக்கி

விட்டுவிட்டேன். நான் எந்தப் பதுங்குகுழியையும் பார்த்ததில்லை.

இரண்டாவது தொடக்கம், கல்லிலிருந்து. இராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூட வாசலில் கல் ஒன்று நட்டிருக்கிறார்கள். 1944-ல் பர்மா எல்லையில் ஒரு குன்றை எதிரிப்படை நாற்பத்தெட்டு நாள் வளைத்துக்கொண்டதாம். உள்ளே சிக்கிய சிப்பாய்களில் இந்தப் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர். ஒருவர் திரும்பி வந்தார். (நாற்பத்தெட்டை நான் நம்பவில்லை. நம் ஊரில் எதுவும் ஒரு மண்டலத்தில் முடிந்தால்தான் மனது நிறையும்.)

திரும்பி வந்தவர் மாரிச்சாமி. பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திரும்பாதவர் ஸ்ரீவில்லிபுத்தூர் சடகோபன், வஞ்சுளவல்லியின் அப்பா. அவர் பட்டாளத்துக்குப் போனபோது இவள் கைக்குழந்தை.

ஒவ்வொரு சுதந்திர தினத்திலும் கொடி ஏற்றியதும் மாரிச்சாமியை மைக் முன்னால் நிறுத்துவார்கள். அவர் முடிக்கும் இடம் எப்போதும் ஒன்றுதான்: ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மக் தண்ணீர். முற்றுகை விலகிய அன்று விடிகாலையில் சடகோபன் தண்ணீர் கேட்டார். மாரிச்சாமி தன் மக்கை அவர் வாயில் ஊற்றினார். சடகோபன் அவர் மடியில் கண்ணை மூடினார். பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஆசிரியைகள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள்.

பட்டாளத்திலிருந்து வந்த தந்தியிலும் அதே நாள்தான். சித்திரை, வளர்பிறைப் பஞ்சமி. அந்தத் திதியில்தான் வஞ்சுளவல்லியின் அண்ணா யதிராஜன் ஆண்டுதோறும் சிராத்தம் செய்துவருகிறார்.

3

ஐம்பதாம் ஆண்டுக்குப் புதிய கல் வைப்பதாக முடிவானது. கல்லில் வெட்டவேண்டிய வாசகத்தைத் தாளில் எழுதி, ‘தேதி சரிதானா பார்த்துக் கையெழுத்திடவும்’ என்று வஞ்சுளவல்லிக்கு அனுப்பியிருந்தார்கள். கையெழுத்துப் போட அவள் பேனாவை எடுத்தாள். பிறகு பேனாவை வைத்துவிட்டுப் பழைய நோட்டுகளை எடுத்தாள்.

யாராவது மைக்கில் பேசினால் அவள் கை தானாக எழுதும். இருபது வருடப் பழக்கம். மாரிச்சாமியின் பேச்சுகளையும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தாள். 1985-ல் அந்தக் கடைசி மக் தண்ணீர். 1989-லும் அதே மக். ஆனால் அந்த வருடம் யாரோ ஒரு பையன் கேள்வி கேட்டதற்கு அவர் சொன்ன பதிலும் நோட்டில் இருந்தது: “கடேசி நாலு நாளும் மழை. தார்ப்பாயில பிடிச்சு வயிறு முட்டக் குடிச்சோம்.”

நாலு நாள் மழை பெய்த குன்றில், கடைசி நாள் காலையில் ஒரு மனிதர் எப்படித் தண்ணீருக்குத் தவிப்பார்?

ஒரு சாட்சி இப்படிச் சொன்னால் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நிற்பார். வஞ்சுளவல்லி உட்கார்ந்தே இருந்தாள். அம்மா சாகும்வரை அந்தப் பஞ்சமியன்று பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தது நினைவுக்கு வந்தது. அது அப்பாவின் நாளே இல்லையென்றால், நாற்பத்தொன்பது வருடமாகப் பிண்டம் யாருக்குப் போனது?

(இந்த இடத்தில் எனக்கு வஞ்சுளவல்லி மேலும் சந்தேகம். பத்து வருடம் ஒருவர் பேச்சை எழுதி வைக்கிறவள், அவர் வாய் தவறும் நாளுக்காகக் காத்திருந்தவளாகவும் இருக்கலாம். கேட்டேன். “இருக்கலாம்” என்றார்.)

4

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறி இராஜபாளையம் போனாள். மாரிச்சாமியின் மனைவி அழகுத்தாய் முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“வாங்க பாப்பா. காப்பி குடிப்பீகளா, ஆசாரம் பாப்பீகளா?”

“குடுங்கோ, குடிக்கறேன்.”

மாரிச்சாமி சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவள் நோட்டைத் திறந்தாள்.

“மாமா, குன்று மேல மழை எப்போ வந்தது?”

“கடேசியில. ஏன்?”

“நாலு நாள் பெஞ்சதுன்னு எண்பத்தொன்பதுல சொன்னேள். அப்பா கடைசி நாள் தாகத்துல போனார்னும் சொன்னேள்.”

“இதெல்லாமா எழுதி வச்சிருக்க? என்னையக் கூண்டுல ஏத்தப் போறியா?” சிரிக்க ஆரம்பித்தவர், முடிக்கவில்லை. “நோட்டை மூடு பாப்பா.”

“எழுதினாத்தான் எனக்குக் காதுல ஏறும், மாமா.”

“மைக்கைக் குடுத்தா மணிக்கணக்காப் பேசுதீய,” என்றாள் அழகுத்தாய். “அந்தப் புள்ள ஒத்தக் கேள்வி கேக்கா.”

“ஏட்டி, நீ உள்ள போ.”

“போகமாட்டேன். கல்யாணம் ஆன நாள்லருந்து ஒறக்கத்துல ‘சடகோபன், ஆசர்’னு கத்துதீய. செத்துப்போன மனுசன் பேருக்கு நீங்க எதுக்கு ‘ஆசர்’ சொல்லணும்? எனக்கும் தெரியணும்லா?”

பட்டாளத்தில் பேர் கூப்பிட்டால் ‘இருக்கிறேன்’ என்பதற்கு அந்தச் சொல். குன்றின் மேல் இருட்டியதும் ஹவில்தார் தாழ்ந்த குரலில் பேர் கூப்பிடுவார். எத்தனை ‘ஆசரோ’ அத்தனை மக் தண்ணீர் அந்தக் குழிக்கு வரும்.

மாரிச்சாமி நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அவிய போயி இருவது நாள் கழிச்சுத்தான் போனதாச் சொன்னோம். மீதி அஞ்சு பேருக்கு ஆறு மக்கு வந்துச்சு.”

“யார் குரல் குடுத்தது?”

“நாந்தான்.”

5

இதற்கு மேல் இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் வஞ்சுளவல்லி காப்பியைக் குடிக்காமல் எழுந்து போகிறாள். மற்றதில் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறாள். இரண்டிலும் மாரிச்சாமி அழுகிறார். அவர் அழுததாக வஞ்சுளவல்லி என்னிடம் சொல்லவே இல்லை. எனக்குத்தான் அவர் அழவேண்டியிருந்தது. அழுதால் அவரை மன்னித்துவிட்டு நான் வீட்டுக்குப் போகலாம்.

நடந்தது வேறு. அவள் கோபப்படக்கூட இல்லை. அவளுக்கு ஒன்றுதான் தெரியவேண்டியிருந்தது.

“அப்போ என்னிக்கு, மாமா?”

“தேதி தெரியாது பாப்பா. அங்க யாருக்கும் தேதி தெரியாது. நெலா தெரியும்.”

இரவில் காவல் இருப்பவனுக்கு நிலாதான் எதிரி. எந்த நாள் எவ்வளவு நேரம் நிலா நின்றது என்பதை அவன் மறப்பதில்லையாம். திதி என்பதும் நிலாதானே. அவர் சொன்னதை அவள் எழுதிக்கொண்டாள்.

அவர் சொன்ன நிலா, பங்குனி உத்திரத்து நிலா. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்குக் கல்யாணம் நடக்கும் நாள். இங்கேதான் நான் பேனாவை வைத்தேன். இவ்வளவு அழகாக ஒரு மனிதர் சாவாரா? இந்த ஊர்ப் பெண்ணுக்கு எந்த நாளைச் சொன்னால் மனது ஆறும் என்று, ஏழெட்டு மைல் தள்ளி இருக்கும் மாரிச்சாமிக்குத் தெரியாதா? பஞ்சாங்கம் பார்த்தும் பயனில்லை. எந்த வருடமானாலும் உத்திரத்தன்று நிலா ஏறக்குறைய முழுதாகத்தான் இருக்கும்.

6

யதிராஜன் கேட்டுவிட்டு, “அம்மா பண்ணிண்டு வந்ததே இருக்கட்டும். ஊரே ஒரு நாளை நம்பறது, நாம எதுக்குக் கலைக்கணும்?” என்றாராம். சாஸ்திரிகள், நிச்சயமாகத் தெரியாவிட்டால் அமாவாசையில் செய்யலாம் என்றாராம். கல்லில் வெட்டும் வாசகம் இன்னும் கையெழுத்தில்லாமல் வஞ்சுளவல்லியின் கைப்பையில் இருந்தது. அன்றைக்கு உத்திரத்துக்குப் பன்னிரண்டு நாள் பாக்கி.

“நீங்க இட்டுக்கட்டறவா,” என்றார் என்னிடம். “இட்டுக்கட்டினது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். இவர் சொன்னது அதுவா? நீங்க ‘அது இல்லை’ன்னு சொன்னா, உத்திரத்துலயே பண்ணச் சொல்லி அண்ணாகிட்ட சண்டை போடுவேன்.”

அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அவர் ஓடினார். என் வழக்குக்கு அன்றைக்கு வாய்தா. நான் பதில் சொல்லாமல் பஸ் ஏறினேன். அடுத்த வாய்தாவுக்கு என் வக்கீலை மட்டும் அனுப்பினேன். அந்தக் குடும்பம் எந்த நாளில் சிராத்தத்துக்கு இலை போட்டது என்று எனக்குத் தெரியாது, விசாரிக்கவும் இல்லை. பொய் சொல்லியே பழகியவளுக்கு உண்மையின் குரல் தெரியுமா என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்ததில் வருடங்கள் போய்விட்டன.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். அவர் நோட்டிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டியதைக் கீழே தருகிறேன். நான் எதையும் சேர்க்கவில்லை. (அதை நீங்கள் நம்பவேண்டியதில்லை.) வாசித்துவிட்டு, எந்த நாள் என்று வஞ்சுளவல்லிக்கு நீங்களே சொல்லுங்கள்.

“நெலா பகல் மாதிரி அடிச்சுச்சு. குழி தோண்டினா நெழலே காட்டிக் குடுத்துரும். மேகம் வாரவரைக்கும் அவிய பக்கத்துலயே படுத்துக் கெடந்தேன். அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் பேச்சு இருந்துச்சு. ‘இன்னைக்கு எங்க ஊர்ல கல்யாணம்டா, நீ சாப்பிடாமப் போகாதே’ன்னாரு. பொறவு பேச்சில்ல. மறுநா பேர் கூப்புட்டப்போ நாங்க யாரும் கலந்து பேசிக்கிடல. என் நாக்குதான் சொல்லுச்சு. பொறவு அஞ்சு பேரும் பங்கு போட்டுக் குடிச்சோம், அது நெசம். ஆனா மொத நாள் வந்த அந்த ஒரு மக்கை நான் யாருக்கும் குடுக்கல, நானே குடிச்சேன், பாப்பா.”