புதுத் துளை

அப்பாவின் இடது கையைத் தூக்கிப் பிடித்தபடி, எதிரே வலது கையைக் கழுவிக்கொண்டிருந்த தம்பி லாண்டோவையே முறைத்துக்கொண்டிருந்தான் பெரங்கார். பிணத்தைக் கழுவுவதில்கூட இவனுக்கு ஒரு பதவிசு. பார்க்கப் பார்க்க எரிந்தது.

குந்தார் பிரபு விடியற்காலையில் கண்ணை மூடியிருந்தார். வாரிசு யாரென்று சொல்லவில்லை. சுவரில் வாளோடு தொங்கும் அவருடைய இடைவார் யார் இடுப்பில் ஏறுகிறதோ, அவன் பின்னால்தான் வாசலில் நிற்கும் வீரர்கள் குதிரை ஏறுவார்கள். மூத்தவன் பெரங்கார்தான். சாக்சன்களோடு நடந்த சண்டைகளில் அப்பாவின் பக்கத்தில் நின்றவனும் அவன்தான். ஆனால் போன வாரம் அப்பா தோல் தைப்பவனையும் லாண்டோவையும் மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். இடைவாரும் உள்ளே போனது. சிரிப்புச் சத்தம் வெளியே கேட்டது. ஒல்லிக்குச்சித் தம்பிக்கு அளவெடுக்கிறார்கள், வேறென்ன.

அம்மா இர்மினா, பிணத்தின் தலைமாட்டில் சீப்பை வைத்தாள். "வாரை என்னடா செய்யறது?"

"அப்பாவோட குழிக்கே போகட்டும்" என்றான் பெரங்கார்.

கால்மாட்டில் ஜெபித்துக்கொண்டிருந்த பாதிரியார் முகம் சுளித்தார். "அதெல்லாம் அந்தக் காலத்துப் பழக்கம்ப்பா."

"யோசிச்சுச் சொல்லு" என்றாள் அம்மா. "பொணத்துக்குன்னு நாலு பேர் முன்னாடி சொல்லிட்டா சொன்னதுதான். திருப்பி எடுக்கறவன ஊருக்குள்ளயே சேக்க மாட்டாங்க."

"அண்ணே, வாரை ஒருவாட்டி கையில எடுத்துப் பாரு" என்றான் லாண்டோ.

"அதான் நீ பாத்துட்டியே, போதும்."

பெரங்கார் வாசலுக்குப் போய், வீரர்கள் காதில் விழும்படி உரக்கச் சொன்னான். அவர்கள் கேடயங்களைத் தட்டி ஆமோதித்தார்கள். அவன் நெஞ்சு குளிர்ந்தது. தனக்கில்லாமல் போனால் போகட்டும், தம்பிக்கும் இல்லை.

பிணத்தின் இடுப்பில் அதைக் கட்டிவிடுவது மூத்தவன் கடமை. வாரை இழுத்து, அப்பாவின் பழைய துளையில் மாட்டினான். அதற்கும் உள்ளே, இன்னும் இறுக்கிக் கட்டும்படி தம்பியின் இடுப்புக்காகப் போட்ட துளையைத் தேடினான். அப்படி ஒன்று இல்லை. தடவிக்கொண்டே வந்த விரல், வாரின் கடைசி நுனியில் நின்றது. அங்கே புதிதாக ஒரு துளை. வெட்டிய இடம் இன்னும் வெளுப்பாகவே இருந்தது.

பெரங்கார் தன் தொப்பையைப் பார்த்தான். பிறகு தம்பியைப் பார்த்தான்.

"ஈஸ்டர் அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அவர் கையாலயே உனக்குக் கட்டிவிடணும்னு இருந்தாரு" என்றான் லாண்டோ, தாழ்ந்த குரலில். "அதுக்குள்ள இன்னும் பெருத்துடுவான், துளைய நுனிக்கே தள்ளிப் போடுடான்னாரு. அதுக்குத்தான் அன்னிக்கு அந்தச் சிரிப்பு."

வாசலில் வீரர்கள் பாடையைத் தூக்கக் காத்திருந்தார்கள்.

"நுனி தொங்குது பாரு" என்றாள் அம்மா. "செருகி விடு."

பெரங்கார் குனிந்து, நுனியை மடித்து, அப்பாவின் உள்ளங்கைக்கு அடியில் செருகினான். அவன் கையை எடுக்க வெகுநேரம் ஆயிற்று.