தளிர் விட்ட மரங்கள்

அப்பாவின் நகங்களில் இருந்த சுண்ணாம்பு போகவில்லை. ஆறுச்சாமி சித்தப்பா அரப்புப் பொடியைக் குழைத்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு தேங்காய் நாரால் தேய்த்தார். ஆஸ்பத்திரியில் உடம்பு முழுக்கத் துணி சுற்றிக் கொடுத்திருந்தார்கள். கழுவுவதற்கு முகமும் கைகளும்தான் இருந்தன. அன்புக்கரசி சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தபடி நின்றாள்.

"போச்சாது, உடு ஆறுச்சாமி," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "சுண்ணாம்போடயே போகட்டும்."

அப்பா ஐயாசாமி காட்டிலாகாவில் இருபத்தாறு வருடம் வாச்சர். தொண்ணூற்றாறு மாசியில் பிடித்த தீ கருக்குப்பாறைக் காட்டைப் பன்னிரண்டு நாள் எரித்தது. காட்டுப் பாதையையும் பாறையடியில் இருந்த முகாமையும் அன்றே மூடிவிட்டார்கள். திரும்பத் திறப்பதற்கு முன்னால் பாதையோர மரங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வேர் உள்ளே வெந்த மரம் வெளியே சும்மா நிற்கும். மழையில் மண் இளகினால் சாயும். அப்பா அரிவாளின் பின்புறத்தால் அடிமரத்தைத் தட்டிக் காது வைத்துக் கேட்பார். சாயும் என்று தோன்றினால் சுண்ணாம்பால் ஒரு வளையம். வளையம் போட்டதைப் பின்னால் வரும் ஆட்கள் வெட்டுவார்கள்.

"பொண்ணு பாக்கப் போன அன்னைக்கே அவங்க ஊட்டுத் தூணத் தட்டிப் பாத்தவரு," என்றார் சித்தப்பா. இரண்டு பேர் சிரித்தார்கள். உள்ளே அம்மாவின் அழுகை ஒரு நிமிடம் நின்று மறுபடி தொடங்கியது.

பாரஸ்டர் சுந்தரராஜுலு மாலையோடு வந்தார். அப்பாவை அண்ணன் என்று கூப்பிடுகிறவர். நாளைக் காலை பீளமேட்டிலிருந்து காலேஜ் பிள்ளைகள் இரண்டு பஸ்ஸில் முகாமுக்கு வருகிறார்கள், அண்ணன் மேல் விழுந்த மரத்தை அறுத்து எடுத்தாயிற்று, திறப்பதை இனித் தள்ளிப்போட முடியாது என்று சித்தப்பாவிடம் சங்கடத்தோடு சொன்னார். கிளம்பும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அண்ணனே தட்டிப் பாத்து உட்ட மரமுங்க. காது முன்ன மாதிரி இல்லபோல. ரிப்போர்ட்ல அப்படித்தான் எழுதோணும்."

சொம்பிலிருந்து தண்ணீர் அன்புக்கரசியின் காலில் சிந்தியது.

அப்பாவின் காது நன்றாகத்தான் இருந்தது. கண்ணில்தான் புரை. மரத்தின் உச்சி தெரியவில்லை என்று போன வாரம் ஐந்து நாளும் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். பி.எஸ்ஸி. தாவரவியல் முடித்து ஒரு வருடமாக வீட்டில்தான் இருந்தாள். அவர் தட்டினார். அவள் மேலே பார்த்துச் சொன்னாள். மூன்று மரங்களில் அவர் இரண்டு முறை தட்டினார்.

"சத்தம் ஒரு மாதிரி இருக்குது கண்ணு."

மூன்றிலும் உச்சியில் புதுத் தளிர் இருந்தது. செம்பு நிறத்தில், விரல் நுனி அளவுக்கு. வேர் செத்திருந்தால் தளிர் வராது என்று அவள் சொன்னாள். காலேஜில் படித்ததை அப்பாவுக்கு அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

"படிச்ச புள்ள சொன்னாச் சரியாத்தான் இருக்கும்," என்று சுண்ணாம்பு வாளியை மூடிவிட்டார்.

அந்த மூன்றில் ஒரு வெக்காலி மரம்தான் நேற்று, மழைக்கு மறுநாள், பாதையில் முள் வெட்டிக்கொண்டிருந்த அப்பாவின் மேல் சாய்ந்தது. மற்ற இரண்டும் வளையம் இல்லாமல் நிற்கின்றன.

பாரஸ்டரின் பின்னால் வாசல் வரை போனாள். "சார்" என்றது அவளுக்கே கேட்கவில்லை. கொட்டு ஆரம்பித்துவிட்டது. ஜீப் போய்விட்டது.

பாடையை எடுத்தார்கள். பெண்கள் முச்சந்தி வரை போய்த் திரும்பினார்கள். ஆண்கள் வருவதற்குள் குளித்து, வீட்டைக் கழுவி விளக்கு வைக்க வேண்டும் என்று மாரியாத்தாள் அத்தை எல்லோரையும் அவசரப்படுத்தினாள். அன்புக்கரசி பின்பக்கம் போனாள். வாளியில் பாதிக்குச் சுண்ணாம்பு இருந்தது. தென்னை மட்டையை நசுக்கிச் செய்த பிரஷ் காய்ந்து விறைத்திருந்தது. அதையும் அரிவாளையும் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

செக்போஸ்ட்டில் கார்டு அரங்கசாமி எழுந்து நின்றார். டூட்டியால் அவர் எழவுக்கு வர முடியவில்லை. வாளியைப் பார்த்தார். தடுப்புக் கம்பைத் தூக்கிவிட்டார்.

காடு கறுப்பாக இருந்தது. தரையில் மட்டும் புல் முளைத்திருந்தது. தன் செருப்புச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. மீதி இரண்டில் ஒன்று முதல் வளைவில் நின்ற வேங்கை. அதை அப்பா தட்டின இடத்திலேயே தட்டிக் காதை வைத்தாள். அப்பா ஒரே தடவை தட்டிச் சரி என்று விட்ட வேறொரு மரத்தையும் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்து தட்டினாள். வேங்கை மட்டும் மூடி வைத்த வெறும் பானை போலச் சத்தம் கொடுத்தது. மேலே தளிர் போன வாரத்தைவிடப் பெரிதாகியிருந்தது. சுண்ணாம்பில் குழியில் தேங்கிய மழைத்தண்ணீர் கொஞ்சம் விட்டுக் குழைத்து வளையம் போட்டாள். பிரஷ் போதாத இடத்தில் கையால் தடவினாள். ஓடைக்கு முன்னால் இருந்த மருத மரத்துக்கும் போட்டாள்.

திரும்பி வந்து அரங்கசாமியிடம் சொன்னாள். "ரெண்டு மரமுங்க. நாளைக்குத் தெறக்கறதுக்கு முன்னால வெட்டோணும்."

"அண்ணன் உட்டுப்போட்ட மரமா அம்மணி?"

"அப்பா உடலீங்க. நாந்தான் உடச் சொன்னேன்." வாளியைக் கீழே வைத்தாள். "விழுந்த மரத்தையுமுங்க."

அரங்கசாமி கம்பின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். "நீ ஊட்டுக்குப் போ அம்மணி. பாரஸ்டருகிட்ட நான் வயர்லெஸ்ல பேசிக்கறேன். மரத்தப் பத்தி மட்டும் சொன்னாப் போதும்."

"நானே சொல்றேனுங்க."

அவர் வயர்லெஸ் கருவியை எடுத்துப் பொத்தானை அழுத்திக் காட்டிக் கொடுத்தார். அவள் பேசும்போது வெளியே போய் நின்றுகொண்டார். அவள் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை பாரஸ்டருக்குக் கேட்கவில்லை.

வீட்டில் விளக்கு வைத்தாயிற்று. குளிக்காமல் இருந்தது அவள் ஒருத்திதான். அத்தை வாளியை வாங்கி ஓரமாக வைத்தாள். பின்பக்கம் உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றி, அரப்பு வைத்துத் தேய்த்தாள். கைக்கு வந்ததும் நகங்களில் சுண்ணாம்பைப் பார்த்து நின்றாள். காலையில் சித்தப்பா போட்டுவிட்டுப் போன தேங்காய் நார் கல்லின் மேல் கிடந்தது. அதை எடுத்தாள்.

அன்புக்கரசி விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"இருக்கட்டுங்க அத்தை."

அத்தை நாரைக் கல்லின் மேலேயே வைத்துவிட்டு, இன்னொரு சொம்பு தண்ணீரை மெதுவாக ஊற்றினாள்.